டானிக் பாட்டிலில் கிடைக்காத ஒன்று

ஓ.பி-யில் வாரத்துக்கு ஐந்தாறு பெற்றோராவது என்னிடம் கேட்கும் மருந்து ஒன்று உண்டு. எங்கள் ஆஸ்பத்திரி மருந்தகத்திலும் அது இல்லை, வெளியே எந்த மெடிக்கலிலும் இல்லை. அதைப் பற்றித்தான் இந்த நீண்ட இழை. பள்ளிக்குப் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள் மக்களே.

1/
"சார், பையனுக்குப் படிப்புல இன்ட்ரஸ்டே இல்ல. மூளைக்கு ஏதாச்சும் டானிக் எழுதிக் குடுங்களேன்."

கேட்டவர் நாவலூர்ப் பக்கம் குடியிருக்கும் ஒரு அம்மா. சிறுசேரி சிப்காட்டில் ஒரு ஐ.டி கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. பையன் ஏழாம் வகுப்பு, அரசுப் பள்ளி. பள்ளிக்கூடம் இருக்கும் நாட்களில் காலையில் மட்டும் அவனுக்கு வயிற்றுவலி. ஞாயிற்றுக்கிழமை வலி இல்லை. (அடையாளம் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

2/
முதல் தடவை வந்தபோது நான் செய்தது தப்பு. அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். அன்று வெளியே நீண்ட வரிசை. வயிற்றை அழுத்திப் பார்த்தேன், பூச்சி மாத்திரையும் பி காம்ப்ளெக்ஸும் எழுதினேன், "நல்லாப் படிக்கணும்டா" என்று ஒரு அட்வைஸ். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

மூன்று வாரம் கழித்து திரும்ப வந்தார்கள். அதே வலி, அதே கேள்வி, அதே டானிக்.

3/
இந்த முறை உட்காரச் சொன்னேன். கண் பார்வை சரி. காது சரி. ரத்தத்தில் ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவு, அதற்கு இரும்புச்சத்து மாத்திரை. ஆனால் அது மட்டும் காரணமாகத் தெரியவில்லை.

"ஸ்கூல் பிடிக்கலையாடா?"
"பிடிக்கும் சார். ஸ்மார்ட் போர்டு இருக்கு. படம் ஓடும்."
"படம் முடிஞ்சதும்?"
"அடுத்த படம்."
"புரியலைன்னா யார்கிட்ட கேப்ப?"

பதில் இல்லை. சுவரில் ஒட்டியிருந்த ஓ.ஆர்.எஸ் கரைசல் பற்றிய போஸ்டரைக் காட்டி, "இதைப் படி" என்றேன். முதல் வரியை முடிக்கவே ஒரு நிமிஷம் ஆனது. அம்மாவின் முகம் மாறிப்போனது. பையனுக்கு வாசிக்க வரவில்லை என்பது அன்றைக்குத்தான் அவருக்கே தெரியும்.

4/
அதே வாரம் இன்னொரு குழந்தை. ஓ.எம்.ஆரில் பெரிய அபார்ட்மென்ட், தனியார் பள்ளி, ஆறாம் வகுப்பு மாணவி. அம்மா, அப்பா இருவரும் ஐ.டி. நாய்க்கடி ஊசிக்காக எங்களிடம் வந்தவர்கள். பேச்சோடு பேச்சாக அந்த அம்மா சொன்னார், "டாக்டர், முன்னாடி கதைப் புத்தகம் விடாம படிப்பா. இப்ப எதுலயும் ஆர்வமே இல்ல."

பள்ளியிலிருந்து கற்றல் செயலி போட்ட டேப் கொடுத்திருக்கிறார்கள். பாடம் முடித்தால் காயின் விழும். பிள்ளையிடம் எவ்வளவு காயின் என்றால் எண்ணிக்கையைக் கடைசி இலக்கம் வரை சொல்கிறாள். கடைசியாக முடித்த பாடம் என்ன என்றால் யோசிக்கிறாள்.

5/
பழைய டோல்கேட் இருந்த இடத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பிள்ளை, அந்தப் பக்கம் ஒரு பிள்ளை. ஒருவனுக்கு வசதி இல்லை, ஒருத்திக்கு எல்லா வசதியும் உண்டு. ஆனால் எனக்கு இரண்டும் ஒரே கேஸாகத்தான் தெரிந்தது. இரண்டு பேர் முன்னாலும் திரை இருக்கிறது. இரண்டு பேர் பின்னாலும் ஆள் இல்லை.

இந்த இழையில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை இனி பார்ப்போம்.

6/
"அப்போ நீங்க டெக்னாலஜிக்கு எதிரியா டாக்டர்?" என்று கமென்ட் வரும். இல்லவே இல்லை.

2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. நான் அந்த 2011-12 பேட்ச் பிளஸ் டூ. திருக்கழுக்குன்றம் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளி. எங்கள் தெருவிலேயே முதல் கம்ப்யூட்டர் என் லேப்டாப்தான். அதன்மேல் எனக்கு இன்றும் நன்றி உண்டு.

7/
ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். முதல் மாதம் அதில் நான் பார்த்தது முழுக்க சினிமா. பென்டிரைவில் ஊர் முழுக்கப் படம் சுற்றும்.

அது படிக்கும் கருவியாக மாறியது எங்கள் விலங்கியல் வாத்தியாரால். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு அனிமேஷன் காப்பி பண்ணிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "நாளைக்கு நீ வந்து எனக்கு நடத்து. தப்பாச் சொன்னாலும் பரவாயில்ல" என்றார். அன்று இரவு அந்த நெஃப்ரான் படத்தை எத்தனை தடவை ஓட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. லேப்டாப் அரசு கொடுத்தது. படிக்கும் ஆசையைக் கொடுத்தது மறுநாள் கேட்கப்போகிற அந்த மனிதர்.

8/
படிக்கும் ஆர்வம் என்றால் என்ன? எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் பல பத்தாண்டுகளாக இதைத்தான் ஆராய்ந்தார்கள். அவர்கள் சொல்வதை வீட்டுத் தமிழில் சொன்னால், மனசு ஒரு வேலையில் தானாக ஈடுபட மூன்று விஷயம் வேண்டும்:

• இதை நானே விரும்பிச் செய்கிறேன்
• என்னால் முடிகிறது, நேற்றைவிட இன்று கூடுதலாக முடிகிறது
• என்னைக் கவனிக்கும் ஒருவர் பக்கத்தில் இருக்கிறார்

ஸ்மார்ட் போர்டு, டேப், செயலி எதுவாக இருந்தாலும் இந்த மூன்றில் எதைக் கூட்டுகிறது, எதைக் குறைக்கிறது என்று பாருங்கள். பாதி விவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

9/
ஒரு முக்கியமான வேறுபாடு. கவனம் வேறு, ஆர்வம் வேறு.

கலர் கலராகப் படம் ஓடினால் எந்தக் குழந்தையும் பார்க்கும். அது கவனம். படம் நின்ற பிறகும் அந்த விஷயத்தைத் தேடிப் போவதுதான் ஆர்வம். புதுக் கருவி வகுப்புக்கு வந்த முதல் சில வாரம் எல்லாப் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்காருவார்கள். அதைப் பார்த்துவிட்டு "பிள்ளைங்க ஆர்வமா இருக்காங்க" என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். புதுசு பழசான பிறகு என்ன மிச்சம் என்பதுதான் கேள்வி.

10/
சரி, காயின் கதைக்கு வருவோம். 1973-ல் வெளிவந்த ஒரு பிரபலமான ஆய்வு. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில், படம் வரைவதை ஏற்கெனவே விரும்பிச் செய்த குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம் "வரைந்தால் பரிசுச் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் திடீரென்று கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை.

ஒன்றிரண்டு வாரம் கழித்து அதே பேனாக்களை வகுப்பில் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தார்கள்.

11/
பரிசு உண்டு என்று சொல்லி வரையவைத்த குழந்தைகள், மற்ற இரண்டு குழுவைவிட ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். முன்பு சந்தோஷத்துக்காக வரைந்தார்கள். பரிசு வந்ததும் அது கூலி வேலை ஆகிவிட்டது. கூலி இல்லையென்றால் யார் வேலை செய்வார்கள்?

கதைப் புத்தகம் விடாமல் படித்த அந்தப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். ஏற்கெனவே இருந்த ஆசைக்கு மேலே காயினைக் கொட்டிவிட்டோம். எல்லாப் பரிசும் கெடுதல் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆர்வமே இல்லாத ஒரு வேலையைத் தொடங்கி வைக்கச் சின்னப் பரிசு உதவும். ஆனால் ஆசை இருக்கும் இடத்தில் விலை ஒட்டாதீர்கள்.

12/
இப்போது எல்லோர் வாயிலும் டோபமின். "ஸ்கிரீன் பார்த்தா டோபமின் ஏறுது சார், மூளை கெட்டுப்போச்சு" என்று பெற்றோரே எனக்கு வகுப்பு எடுக்கிறார்கள். 😊

டோபமின் விஷம் இல்லை. அது இல்லாமல் நடக்கக்கூட முடியாது. எதிர்பார்த்ததைவிட நல்லது நடந்தால் "இதைக் கவனி, திரும்பச் செய்" என்று மூளைக்குக் குறிப்பு எழுதுவது அதன் வேலைகளில் ஒன்று. அரை மணி நேரம் முட்டி மோதிய கணக்கு விடுபடும்போதும் அந்தக் குறிப்பு எழுதப்படும். செயலியில் காயின் விழும்போதும் எழுதப்படும். எதைத் திரும்பச் செய்யச் சொல்லி எழுதுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

13/
இப்போது ஒரு முக்கியமான ஆய்வு. நம் தமிழ்ப் பிள்ளைகளிடமே நடந்தது.

1999-ல் டெல்லி கல்காஜியில் ஒரு சுவரில் ஓட்டை போட்டு கம்ப்யூட்டரை வைத்து, தெருக் குழந்தைகள் தாங்களாகவே என்ன கற்கிறார்கள் என்று பார்த்தவர் சுகதா மித்ரா. அதே பாணியில் பிறகு தமிழ் பேசும் பிள்ளைகள் உள்ள காளிக்குப்பம் என்ற கிராமத்தில் ஒரு பரிசோதனை செய்தார். பாடம் மூலக்கூறு உயிரியல். டி.என்.ஏ பற்றியது. எல்லாமே இங்கிலீஷில். ஆசிரியர் கிடையாது.

14/
தொடக்கத்தில் பிள்ளைகளுக்கு ஒன்றுமே தெரியாது. கம்ப்யூட்டரோடு தாங்களாகவே மல்லுக்கட்டிய பிறகு வைத்த தேர்வில் ஏறக்குறைய 30 சதவீதம் எடுத்தார்கள். இது பெரிய விஷயம். பக்கத்து அரசுப் பள்ளியில் அந்தப் பாடத்தை நடத்திக் கேட்ட பிள்ளைகள் அளவுக்கு வந்துவிட்டார்கள்.

பெரும்பாலானவர்கள் கதையை இங்கேயே நிறுத்திவிடுவார்கள். "பாத்தீங்களா, வாத்தியாரே வேண்டாம்!" ஆனால் மீதிக் கதைதான் முக்கியம்.

15/
அதே ஊரில் பிள்ளைகளோடு நன்றாகப் பழகும் ஓர் இளம்பெண் இருந்தார். கணக்கு எழுதும் வேலை. அறிவியல் தெரியாது. "எனக்கு எப்படிச் சொல்லித்தர வரும்?" என்றவரிடம் மித்ரா கேட்டது ஒன்றுதான். சொல்லித்தர வேண்டாம், பாட்டி மாதிரி பின்னால் நில்லுங்கள். "அட, இது எப்படிடா செஞ்ச? எனக்கும் காட்டேன்" என்று வியந்து கேளுங்கள், போதும்.

இரண்டு மாதத்தில் மதிப்பெண் 50 சதவீதம் ஆனது. டெல்லியில் தகுதியான ஆசிரியர்களிடம் அதே பாடத்தைப் படித்த வசதியான தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமம்.

16/
2010-ல் ஆய்விதழில் வந்த கட்டுரை இது. ஒரே ஒரு கிராமம், கொஞ்சம் பிள்ளைகள். அதனால் இதையே வேதவாக்காக எடுக்கக்கூடாது. மித்ராவின் முறை மீது விமர்சனங்களும் உண்டு.

ஆனாலும் ஒரு டாக்டராக என்னை அந்த 30-க்கும் 50-க்கும் இடையில் இருக்கும் இடைவெளி விடுவதில்லை. இயந்திரம் அதே இயந்திரம். இணையம் அதே இணையம். கூடுதலாக வந்தது பாடமே தெரியாத ஒரு மனுஷி.

17/
"ஒரு ஊர்க் கதை போதாது டாக்டர், பெரிய ஆதாரம் காட்டுங்க" என்பவர்களுக்கு, கொரோனா காலத் தமிழ்நாடு.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினோம். ஒன்று முதல் எட்டு வரை திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1. இடைப்பட்ட காலத்தில் கல்வித் தொலைக்காட்சி, வாட்ஸ்அப், ஆன்லைன் வகுப்பு எல்லாம் ஓடியது. ஆசிரியர்கள் தங்களால் முடிந்ததைச் செய்தார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை.

18/
அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளாதார அறிஞர்கள் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்தார்கள். 2021 டிசம்பரில், 2019-ல் அதே ஊர்களில் அதே வயதில் இருந்த பிள்ளைகளைவிட இவர்கள் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். தமிழிலும் இழப்பு, கணக்கில் இன்னும் அதிகம்.

பள்ளி திறந்த ஆறே மாதத்தில் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. ஆறே மாதம்!

19/
அந்த மீட்சியில் ஏறக்குறைய 24 சதவீதம் ஒரே ஒரு திட்டத்தின் பங்கு என்கிறது அந்த ஆய்வு. 'இல்லம் தேடிக் கல்வி'. 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கப்பட்டது.

அதில் என்ன பெரிய தொழில்நுட்பம்? கோவில் திண்ணை, வீட்டு வாசல், மொட்டை மாடி. சாயங்காலம் ஒன்றரை மணி நேரம். தன்னார்வலர்கள் பெரும்பாலும் அதே ஊர்ப் பெண்கள். "நேத்து ஏன்டா வரல?" என்று கேட்க ஓர் அக்கா. அவ்வளவுதான். என்னைப் பொறுத்தவரை காளிக்குப்பத்தில் பின்னால் நின்ற அந்தப் பெண்தான் இங்கே ஊருக்கு ஊர் முளைத்தார்.

20/
எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். நல்ல மென்பொருள் உண்மையிலேயே உதவும்.

டெல்லியில் 'மைண்ட்ஸ்பார்க்' என்ற மென்பொருளை வைத்து ஓர் ஆய்வு. அரசுப் பள்ளி நடுநிலை வகுப்பு மாணவர்கள், நாலரை மாதம். கணக்கில் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு முன்னேற்றம். காரணம் எளிது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்புக் கணக்குத்தான் தெரியும் என்றால், அது மூன்றிலிருந்து தொடங்கும். நாற்பது பேர் வகுப்பில் ஓர் ஆசிரியரால் அப்படி ஆளுக்கொரு பாடம் நடத்த முடியாது.

21/
"என்னால் முடிகிறது" என்ற அந்த இரண்டாவது உணர்வை மென்பொருள் அழகாகக் கொடுத்தது. ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த மையத்தில் ஒரு பிள்ளை இருந்த 90 நிமிஷத்தில் 45 நிமிஷம்தான் கம்ப்யூட்டர். மீதி 45 நிமிஷம் சிறு குழுவாக ஓர் உதவி ஆசிரியரோடு.

மாறாக, பெரு நாட்டில் லட்சக்கணக்கான லேப்டாப்களைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். 2012-ல் வந்த மதிப்பீட்டில் கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயர்ந்ததற்கான ஆதாரமே இல்லை. கொடுத்தார்கள், பின்னால் யாரும் நிற்கவில்லை.

22/
நம் ஊருக்கு வருவோம். தமிழக அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகளையும், ஆசிரியர்களுக்கு 79,723 டேப்களையும் திட்டமிட்டுக் கொடுத்தது. ஏழைப் பிள்ளைக்கும் இது கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஓ.எம்.ஆர் அபார்ட்மென்ட் பிள்ளைக்கு இருப்பது செம்மஞ்சேரிப் பிள்ளைக்கும் இருக்கட்டும்.

என் கவலை வேறு. அதே தொழில்நுட்பம் ஆசிரியரைப் பிள்ளையின் பின்னாலிருந்து நகர்த்திவிடக் கூடாது.

23/
எமிஸ் பதிவு வேலையைக் குறையுங்கள் என்று ஆசிரியர் சங்கங்கள் எத்தனை ஆண்டாகக் கேட்கின்றன! வருகை, நலத்திட்டம், தேர்வு என்று எல்லாமே செயலியில் ஏற்ற வேண்டியிருந்தது.

இது எனக்கு நன்றாகவே புரியும். என் மேஜையிலும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. என்ட்ரி போட்டுக்கொண்டே "ம், சொல்லுங்க" என்று நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் கேட்ட நாட்கள் உண்டு. அந்தப் பையனை முதல் தடவை இரண்டு நிமிஷத்தில் அனுப்பியதும் அப்படி ஒரு நாளில்தான். பதிவு சரியாக ஏறிவிட்டது. பிள்ளை கவனத்திலிருந்து நழுவிவிட்டான்.

24/
இன்னொரு விஷயம், வாட்ஸ்அப் வீட்டுப்பாடம். சில பள்ளிகளில் ராத்திரி ஒன்பது மணிக்கு குரூப்பில் மெசேஜ் வருகிறது. வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் அப்பா கையில். அவர் ஷிப்ட் முடிந்து வந்த பிறகுதான் பிள்ளை எழுத ஆரம்பிக்கும். எழுதி முடித்ததும் போன் கையில்தான் இருக்கிறதே, ரீல்ஸ்.

6-12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேண்டும். 13-18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம். தூங்காத பிள்ளைக்கு ஆர்வம் வராது. அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுகிறோம்.

25/
போனைக் கொடுத்தால் பிள்ளை தானாகப் படித்துக்கொள்ளும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2024 ஏசர் ஆய்வில் இந்தியக் கிராமங்களில் 14-16 வயதினரில் 82 சதவீதத்துக்கும் மேல் ஸ்மார்ட்போன் இயக்கத் தெரிந்தவர்கள். அவர்களில் முந்தைய ஒரு வாரத்தில் படிப்பு சம்பந்தமாகப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம். சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம்.

பிள்ளைகளைத் திட்டாதீர்கள். முதல் மாதம் முழுக்க சினிமா பார்த்த பிளஸ் டூ பையன்தான் இதை எழுதுகிறேன்.

26/
சரி, என்ன செய்யலாம்?

பெற்றோருக்கு, முதலில் உடம்பைப் பாருங்கள். "ஆர்வம் இல்லை" என்று வரும் பிள்ளைக்குக் கண், காது, ரத்தசோகை, தூக்கம் நான்கையும் சோதித்துவிடுங்கள். வாசிக்கவோ எழுதவோ மட்டும் விடாமல் திணறினால் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம். அது முட்டாள்தனம் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இருக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் இலவசமாகப் பார்க்கிறார்கள். பள்ளியில் யாராவது கேலி செய்கிறார்களா, அடிக்கிறார்களா என்றும் மெதுவாகக் கேளுங்கள்.

நல்ல உடம்போடு இருக்கும் பிள்ளைக்கு ஞாபக சக்தியைக் கூட்டும் என்று நிரூபிக்கப்பட்ட டானிக் எதுவும் கிடையாது. அந்தக் காசுக்கு முட்டையும் வேர்க்கடலையும் வாங்குங்கள்.

27/
அடுத்து, தினமும் 15 நிமிஷம். உங்கள் போனைத் தள்ளி வைத்துவிட்டு, "இன்னைக்குப் பாத்த வீடியோல என்ன இருந்துச்சு? எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்குப் பாடம் தெரிய வேண்டியதில்லை. தெரியாமல் இருப்பது இன்னும் நல்லது, உண்மையாகவே கேட்பீர்கள்.

"எவ்வளவு மார்க்?" "எத்தனை காயின்?" என்பதற்குப் பதில் "எது கஷ்டமா இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். சாட்ஜிபிடியில் எழுதிய வீட்டுப்பாடமும் இந்த ஒரு கேள்வியில் வெளியே வந்துவிடும். 😄

28/
பள்ளி சேர்க்கும்போது "ஸ்மார்ட் கிளாஸ் இருக்கா?" என்று கேட்கிறோம். இனி இந்த மூன்றையும் கேளுங்கள்:

• வீடியோ முடிந்ததும் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்?
• செயலியில் தப்பாகப் போட்ட பிள்ளையை யார், எப்போது பார்க்கிறார்கள்?
• வீட்டுப்பாடத்தைப் பள்ளி விடும் முன் டைரியில் எழுதி அனுப்ப முடியுமா?

அரசுப் பள்ளிப் பெற்றோர் இதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலேயே கேட்கலாம். அது உங்கள் உரிமை.

29/
"நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், எங்க டாக்டர் நேரம்?" நியாயமான கேள்வி. சிறுசேரி ஷிப்ட், ஓ.எம்.ஆர் டிராஃபிக் எல்லாம் எனக்கும் தெரியும்.

என் மகள் யு.கே.ஜி படிக்கிறாள். நைட் டியூட்டி முடித்து வந்து இரண்டு மணி நேரம் தூங்க வேண்டும் என்பதற்காக அவள் கையில் போனைக் கொடுத்திருக்கிறேன். ஒருநாள் கண் விழித்தபோது அவள் கீழே உட்கார்ந்து பொம்மைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு அட்டையைப் போன் மாதிரி சாய்த்து வைத்திருந்தாள். "எல்லாரும் ஸ்கூல்ல இருக்காங்கப்பா, பேசக்கூடாது" என்றாள். அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை.

ஆகவே இது உங்களுக்கு மட்டும் சொல்லும் அறிவுரை இல்லை.

30/
அந்தப் பையனுக்கு என்ன ஆனது? மருந்துச் சீட்டில் இரும்புச்சத்து மாத்திரைக்குக் கீழே, "தினமும் 15 நிமிஷம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டவும்" என்று எழுதிக் கொடுத்தேன். பள்ளியின் ஆசிரியையிடமும் பேசச் சொன்னேன். அவரும் நல்ல மனிதர், மதிய இடைவேளையில் அவனைத் தனியாக வாசிக்கவைக்கத் தொடங்கினார். முதலில் அந்த அம்மா தயங்கினார். "எனக்கே படிக்கத் தெரியாது சார், அவன் தப்பாப் படிச்சா நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

"கண்டுபிடிக்க வேண்டாம்மா. கேட்டா போதும்."

31/
நாலு மாதம் கழித்து மாத்திரை வாங்க வந்தார்கள். அவன் ஒன்றும் முதல் ரேங்க் எடுத்துவிடவில்லை. வயிற்றுவலியும் முழுசாகப் போகவில்லை, எப்போதாவது திங்கட்கிழமை வருமாம். ஆனால் வரிசையில் நிற்கும்போது சுவரில் இருந்த அந்த ஓ.ஆர்.எஸ் போஸ்டரை அம்மாவுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தான். மெதுவாகத்தான். இரண்டு இடத்தில் நின்று திரும்பத் தொடங்கினான். அவர் அவன் பின்னால் நின்று, தோளில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் அதைக் கவனித்ததை அவர்களிடம் சொல்லவில்லை.

32/
ஸ்மார்ட் போர்டு இருக்கட்டும், டேப் இருக்கட்டும், நாளைக்கு இன்னும் என்னென்னவோ வரட்டும். எல்லாம் பிள்ளையின் முன்னால் வைக்கும் பொருட்கள். பின்னால் நிற்கும் இடம் மட்டும் நமக்கு உரியது. ஆசிரியருக்கு அந்த இடத்தில் நிற்க நேரம் கொடுங்கள் என்று அரசிடம் கேட்போம். வீட்டில் அந்த இடத்தில் 15 நிமிஷம் நாம் நிற்போம்.

இன்று ராத்திரியே உங்கள் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பதில் என்ன வந்தது என்று கமென்ட்டில் சொல்லுங்கள், வாசிக்கிறேன்.